ஒன்றாம் வகுப்புக்கு யார் விசில் ஊதுவது? தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள்

உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆறாம் வகுப்பில் வந்து சேரும்போதே நேராக ஓட வராமல், பந்து வந்தால் முகத்தை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை வருடா வருடம் பார்த்தேன். அதனால் இப்போது சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பி.இ.டி. சார் கிடையாது, எனக்கும் விளையாட்டு தெரியாது. பி.டி. பீரியடில் "போய் விளையாடுங்க" என்று அனுப்பிவிடுகிறேன். வேறு என்ன செய்யலாம் சார்?
(ஆசிரியை, பென்னாகரம் பக்கம்)

டீச்சர், நம் மாநிலத்தில் தொடக்கப் பள்ளிக்கென்று உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையும் ஆறு முதல் எட்டு வரைதான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், பகுதிநேரப் பயிற்றுநர் என்கிறது. ஓட, தாவ, எறிய, பிடிக்க உடம்பு பழகுகிற வயது ஐந்திலிருந்து பத்து. சரியாக அந்த வயதில் ஆளில்லை. இது தவறான ஏற்பாடு. ஒரு குறுவள மையத்துக்கு (அருகருகே உள்ள சில பள்ளிகளின் தொகுப்புக்கு) ஓர் உடற்கல்வி ஆசிரியரைப் போட்டு, நாளுக்கு ஒரு பள்ளி என்று சுற்றிவரச் செய்தாலே பாதிக் குறை தீரும். அது நடக்கும்வரை நீங்கள்தான் பி.இ.டி.

"போய் விளையாடுங்க" என்று அனுப்பிவிட்டு ஒருநாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பந்து நாலைந்து பெரிய பையன்களிடம் போய்விடும். பெண்பிள்ளைகள் மரத்தடியில் கல்லாங்காய் ஆடுவார்கள். ஒன்றாம் வகுப்பு மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருக்கும். ஒழுங்காக நடத்துகிறோம் என்று வரிசை கட்டி நிறுத்தும் பள்ளிகளிலும் நிலைமை இதுதான். முப்பது பேர் வரிசையில், பந்து ஒன்று. பீரியட் முடிவதற்குள் ஒரு பிள்ளையின் கைக்கு அது இரண்டு முறை வந்தால் அதிகம். எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் முதலில் எண்ணுவது எத்தனை பிள்ளை நிற்கிறது, எத்தனை பிள்ளை அசைகிறது என்பதைத்தான்.

உங்கள் பிள்ளைகளை ஆறு குழுவாகப் பிரியுங்கள். வகுப்பு வாரியாக வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் சின்னது பெரியது கலந்திருக்கட்டும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தலைமை. மைதானத்தில் ஆறு இடம் குறியுங்கள். ஓரிடத்தில் ஸ்கிப்பிங் கயிறு. ஓரிடத்தில் பாண்டிக் கட்டம். ஓரிடத்தில் சுவரில் சுண்ணாம்பு வட்டம் போட்டு, துணிப்பந்தால் குறிபார்த்து எறிவது. ஓரிடத்தில் கொட்டாங்குச்சிகளை வரிசையாகக் கவிழ்த்து வளைந்து வளைந்து ஓடுவது. ஓரிடத்தில் பழைய சைக்கிள் டயரை உருட்டுவது. கடைசி இடத்தில் இரண்டிரண்டு பேராக நின்று பந்தைப் போட்டுப் பிடிப்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு விசில், குழு அடுத்த இடத்துக்கு நகரும். அரை மணியில் முப்பத்தெட்டுப் பேரும் வியர்த்திருப்பார்கள். இதற்கு உங்களுக்கு விளையாட்டு தெரிய வேண்டியதில்லை, கையில் ஒரு விசிலும் கடிகாரமும் போதும்.

விளையாட்டுச் சாமானுக்கு வருகிற பணத்தில் என்ன வாங்கலாம்?
(தலைமை ஆசிரியர், காரிமங்கலம்)

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய். தொகை சின்னது, அதனால் யோசித்துச் செலவழிக்க வேண்டும். கிரிக்கெட் செட் வாங்காதீர்கள். பேட் பிடிப்பவர் ஒருவர், பந்து போடுபவர் ஒருவர், மீதி எல்லாரும் வேடிக்கை. ஸ்கிப்பிங் கயிறு, டென்னிஸ் பந்து, பிளாஸ்டிக் வளையம், டென்னிகாய்ட் ரிங் (வீசிப் பிடிக்கும் ரப்பர் வளையம்) ஆகியவற்றை எண்ணிக்கையில் அதிகமாக வாங்குங்கள். கால்பந்து வாங்கினால் பெரியவர்கள் ஆடும் 5ஆம் நம்பர் வேண்டாம். சின்னதுகளுக்கு 3ஆம் நம்பர், நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 4ஆம் நம்பர். பம்ப்பும் ஊசியும் மறக்கக் கூடாது. காற்றுப் போய் மூலையில் கிடக்கும் பந்துகளை நான் பார்க்காத பள்ளி குறைவு.

இன்னொன்று. 2024இல் கிராம ஊராட்சிகளுக்கு கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள், 33 வகைப் பொருட்கள். உங்கள் ஊராட்சியில் அது எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். வாங்கியது எதுவானாலும் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். புதுசு கெட்டுப்போகும் என்று பயந்து வைத்த சாமான் பிள்ளைகளுக்குப் பயன்படாமலே மக்கிப்போகும். தேய்ந்து கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் எழுதிக் கழித்துவிடலாம்.

என் மகள் நாலாவது படிக்கிறாள். விளையாட்டுப் பீரியடை எல்லாம் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?
(ஒரு தாய், பர்கூர்)

கேளுங்கம்மா, தப்பே இல்லை. ஐந்திலிருந்து பதினேழு வயது வரையுள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பள்ளியில் கிடைக்காத பிள்ளைக்கு வீட்டில் போன்தான் கிடைக்கும். டீச்சரிடம் தனியாகச் சண்டைக்குப் போக வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், அதில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் நாலு அம்மாக்கள் சேர்ந்து கேட்டுத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்கலாமா? "லேட்டா வந்தியா, கிரவுண்டைச் சுத்து" என்று?
(இளம் ஆசிரியர், ஊத்தங்கரை)

கூடாது தம்பி. உடம்பை வருத்தும் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதைவிட, ஓட்டம் என்றாலே தண்டனை என்று மனதில் பதிந்த பிள்ளை பிறகு ஆசையாக ஓடாது. "சத்தம் போட்டீங்க, இன்னைக்குப் பி.டி. கட்" என்பதும் வேண்டாம்.

எங்கள் பக்கம் வெயில் அதிகம். பள்ளி போர்வெல் தண்ணீரில் புளோரைடு என்கிறார்கள், பல பிள்ளைகளுக்குப் பல் பழுப்பாக இருக்கிறது. ஓடவிடப் பயமாக இருக்கிறது.
(ஆசிரியர், பாலக்கோடு)

நம் இரண்டு மாவட்டங்களிலும் விளையாட்டை நினைக்கும்போதே தண்ணீரையும் நினைக்க வேண்டும். குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் நிலத்தடிப் பாறையின் வாகு, பல போர்வெல்களில் அதற்கு மேல் இருக்கிறது. வெயிலில் ஓடும் பிள்ளை அதிகம் குடிக்கும், அதிகம் குடித்தால் புளோரைடும் அதிகம் உள்ளே போகும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். கொதித்தால் தண்ணீர் சுண்டும், புளோரைடு அப்படியே இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்தக் கேட்டைக் குறைக்கத்தான் வந்தது. காவிரித் தண்ணீர் வரும் குழாய் எது, போர்வெல் குழாய் எது என்று பிள்ளைகளுக்கே தெரியும்படி பெயின்டில் எழுதி வையுங்கள். சந்தேகமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம்.

அதற்காக ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். பல்லில் கறை இருப்பது விளையாடத் தடையல்ல. ஆனால் முட்டி வலி, முதுகு விறைப்பு என்று ஒரு பிள்ளை அடிக்கடி சொன்னாலோ, கால் வளைவது போலத் தெரிந்தாலோ குதிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். கொஞ்சம் ஓடியதுமே வெளிறிப்போய் உட்காரும் பிள்ளைக்கு இரத்தசோகை இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள், சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

மார்ச் வந்தால் விளையாட்டைக் காலையிலேயே, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். காலை உணவு சாப்பிட்ட கையோடு ஓட்டம் வேண்டாம், முதல் பீரியட் கழியட்டும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் நிழலில் படுக்க வைத்து ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். தெளியாவிட்டால் 108.

மகனுக்கு ஏழு வயது. ஓசூரில் கிரிக்கெட் அகாடமியில் சேர்க்கலாமா, இல்லை ஓட்டமா? இப்போதே ஒன்றைப் பிடித்தால்தானே மேலே போக முடியும்?
(ஒரு தந்தை, ஓசூர்)

ஏழு வயதில் ஒன்றையே பிடிக்கக் கூடாது. முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவே 12 வயதில்தான் தொடங்குகிறது. அதுவரை உங்கள் மகனை யாரும் எதற்கும் தேர்வு செய்யப் போவதில்லை, அவசரம் உங்களுக்கு மட்டும்தான். வளரும் எலும்பில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் தோளும் முட்டியும் கெடும். கயிறு தாண்டட்டும், மரம் ஏறட்டும், கபடி ஆடட்டும். பன்னிரண்டில் அவனே ஒன்றைச் சொல்வான். அகாடமிப் பணத்தில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுங்கள் என்பேன்.

பேத்தி அஞ்சாவது. கோ-கோ ஆடறா. வயசுக்கு வரப்போற புள்ளைக்கு ஓட்டம் எதுக்குன்னு ஊருல கேக்கறாங்க. அப்பனும் ஆத்தாளும் பெங்களூருல வேலை, நான்தான் பாத்துக்கறேன்.
(ஒரு பாட்டி, அரூர். பேத்தி எழுதி அனுப்பியது)

ஆடட்டும் பாட்டி. ஓடுவதால் பெண்பிள்ளை உடம்புக்கு ஒரு கெடுதலும் வராது, எலும்பு உறுதிப்படும். 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது, நம் நாட்டுப் பெண்கள் அணிதான் ஜெயித்தது. ஊரில் கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சுடிதார் பேண்டோ டிராக் பேண்டோ போட்டு அனுப்புங்கள், துப்பட்டா வேண்டாம். பயிற்சி முடிந்து இருட்டுவதற்குள் வீடு வருகிறாளா என்பதை மட்டும் பள்ளியில் கேட்டு வையுங்கள். ஐந்தாவதோடு நிறுத்தினால், ஆறாவதில் புதுப் பள்ளியில் மறுபடி தொடங்குவது கடினம்.

என் வகுப்பில் ஒரு பையனுக்கு ஒரு கால் சூம்பியிருக்கும். பி.டி. பீரியடில் அவனை ஸ்கோர் எழுத வைக்கிறேன். சரிதானா?
(ஆசிரியை, காவேரிப்பட்டினம்)

உங்கள் மனசு நல்லது டீச்சர், ஆனால் அவனும் ஆட வேண்டும். பக்கத்து சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிப்போனது. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஊக்கம் கொடுத்து உயரம் தாண்ட வைத்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். எல்லாரும் மாரியப்பன் ஆக வேண்டாம். எல்லாரையும் உட்கார வைத்துப் பந்து உருட்டும் ஆட்டத்தில் உங்கள் பையன் யாருக்கும் சளைக்க மாட்டான். சுவரில் குறிபார்த்து எறிவதிலும் அப்படித்தான். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் எந்த அசைவு நல்லது, எது கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே தொடக்கப் பள்ளியிலேயே விளையாட்டுக்குத் தனிப் பணம் என்கிறாள். உண்மையா?
(கிருஷ்ணகிரி)

உண்மைதான். லண்டன் ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 2013இல் தொடங்கினார்கள். பிற்பாடு 17 பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 16,000 பவுண்டு, அதோடு பிள்ளைக்குப் பத்து பவுண்டு என்று வைத்தார்கள். அந்த அளவு பணம் இங்கே வராது. ஆனால் காசில்லாத ஒன்றை அங்கிருந்து எடுக்கலாம். ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் 2012இல் தொடங்கிய பழக்கம் அது. தினமும் 15 நிமிடம் பிள்ளைகள் எல்லாரும் வெளியே போய் அவரவர் வேகத்தில் ஓடுவார்கள், முடியாதபோது நடப்பார்கள். யூனிஃபார்ம் மாற்றுவதில்லை, போட்டியில்லை, பரிசில்லை. நம் பள்ளிகளில் முதல் பீரியட் முடிந்ததும் இதைச் செய்யலாம்.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளியை முடிப்பதற்குள் பிள்ளைக்கு 25 மீட்டர் நீந்த வர வேண்டும் என்பது பாடத்திட்டம். நம்மிடம் கிணறும் ஏரியும் தென்பெண்ணையும் இருக்கின்றன, கைவிட்ட கிரானைட் குவாரிகளில் மழைத்தண்ணீர் நிற்கிறது, நீச்சல் பாடம்தான் இல்லை. குவாரிக் குட்டைக்குக் கரைச்சரிவு கிடையாது. கால் வைத்த இடத்திலேயே ஆள்மட்டத்துக்கு மேல் ஆழம், ஏறிவரப் பிடிமானமும் இருக்காது. விடுமுறை விடும் நாளில் இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுங்கள். ஒருவன் மூழ்கினால் மற்றவன் குதிக்கக் கூடாது. கயிறோ, கொம்போ, காலி பிளாஸ்டிக் குடமோ எறிந்துவிட்டுச் சத்தம் போட வேண்டும். இதை மைதானத்திலேயே நடித்துக் காட்டிப் பழக்கலாம்.

மாலையில் பயிற்சி வைக்கலாமா? எங்கள் பக்கம் யானை வரும்.
(ஆசிரியர், அஞ்செட்டி)

வேண்டவே வேண்டாம். பள்ளி நேரத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள், மதிய உணவு இடைவேளையின் கடைசிப் பகுதி நிழலிருந்தால் நல்ல நேரம்.

மலைமேல் பள்ளி. மைதானமே இல்லை. பாறையும் சரிவும்தான்.
(ஆசிரியர், சித்தேரி)

சரிவில் ஓட்டப்பந்தயம் மட்டும் வைக்காதீர்கள். இறங்கும்போது விழுந்தால் அடி பலமாக இருக்கும். மேட்டில் ஏறி நடப்பதே உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. வகுப்பறை முன்னால் பத்தடி சமதரை இருந்தால் பாண்டிக் கட்டம் இரண்டு, கயிறு நாலு, ஒற்றைக்காலில் நின்று சமநிலை பார்ப்பது ஆகியவற்றுக்குப் போதும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கான, ஒன்றிய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் இந்த ஒற்றைக்கால் சமநிலையும் ஒன்று. அந்தச் சமதரையில் கிடக்கும் கூரான கல்லையெல்லாம் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளோடு சேர்ந்து பொறுக்கி ஓரமாகப் போட்டுவிடுங்கள். மழை பெய்தால் மறுபடி மேலே வரும், மறுபடி பொறுக்க வேண்டும்.