கோட்டை வாசல் கல்லும் முதுகலைமாணிப் படிப்பும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இருபது ஆண்டுகளாகச் சைவசமயம் கற்பித்து வருகிறேன். வெளிவாரிப் பட்டம் பெற்றிருக்கிறேன். இனி சமயத்தில் முதுகலைமாணி செய்ய விருப்பம். “கோயிலிலும் புராணபடனத்திலும் கேளாத எதைப் பல்கலைக்கழகத்தில் கேட்கப் போகிறாய்?” என்கிறார் என் பெரியப்பா. அவருக்கு என்ன சொல்வது?
– ஆசிரியை, உப்புவெளி

பதில்: பெரியப்பாவின் கேள்வி நியாயமானது. புராணபடனத்தில், அதாவது கோயிலில் புராணப் பாட்டைப் படித்து விளக்கும் மரபில், பயன் (பொருள்) சொல்பவரின் கல்வி சிறிய கல்வி அன்று. பட்டதாரிகள் பலருக்கு அந்த மனனமும் சொல்வளமும் இல்லை. ஆனால் அவர் பாட்டின் பொருளைச் சொல்கிறார். பல்கலைக்கழகமோ, அந்தப் பாட்டு எப்போது, யாரால், யாருக்காகச் சொல்லப்பட்டது என்று கேட்கச் சொல்கிறது.

அடுத்த முறை திருகோணமலையில் கோணேசரைத் தரிசிக்கப் போகும்போது பிரெட்ரிக் கோட்டை வாசலில் சற்று நில்லுங்கள். மீன் சின்னமும், சிதைந்த சில தமிழ் வரிகளும் உள்ள கல் அங்கே இருக்கிறது. “முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே” என்று தொடங்கும் பாட்டை நம் ஊரில் அறியாதவர் குறைவு. குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாக மரபு சொல்லும் மன்னன், பறங்கி என்பது போர்த்துக்கேயர். பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று அடுத்தடுத்து வரும் ஆட்சியாளரை முன்கூட்டியே சொன்ன தீர்க்கதரிசனம் என்று அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். கல்லின் முன் நின்று பார்த்தால் பாட்டு முழுவதும் அங்கே இல்லை. எஞ்சியுள்ள எழுத்துகளோடு வாய்மொழியில் வழங்கும் பாட்டை இணைத்தே நாம் படிக்கிறோம். ஆய்வு மாணவரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. கல்லில் உள்ள எழுத்து எவை, நம் வாயில் உள்ளவை எவை? எழுத்தின் வடிவம் எந்தக் காலத்தைக் காட்டுகிறது? பாட்டின் பாடபேதங்கள் (வேறுபட்ட வடிவங்கள்) எத்தனை? வரப்போகும் ஆட்சிகளைச் சொல்லும் பாட்டு, அந்த ஆட்சிகள் வந்த பிறகு வளர்ந்ததா? கோயிலை இழந்த மக்களுக்கு அப்படியொரு பாட்டு ஏன் தேவைப்பட்டது? கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு விடை தேடுபவர் பாட்டைப் பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது, அப்படியே வரலாறென்று ஏற்றுவிடவும் முடியாது.

அதே குளக்கோட்டன் “கோணேசர் கல்வெட்டு” என்ற நூலிலும் வருகிறான். பெயர்தான் கல்வெட்டு, கவிராசவரோதயர் பெயரில் வழங்கும் அது செய்யுளும் உரைநடையும் கலந்த நூல். கோயில் தொழும்பு (ஊழியம்) இன்னின்னாருக்குரியது, இன்னின்ன உரிமை இன்னாருக்கு என்று அது விரித்துரைக்கிறது. அதைப் பக்தி நூலாக மட்டும் படித்தால் பாதியே கிடைக்கும். உரிமைகளை எழுதி வைக்க வேண்டிய நெருக்கடி எப்போது, யாருக்கு வந்தது என்று கேட்டால் மற்றப் பாதியும் திறக்கும். சம்பந்தரின் “கோணமாமலை யமர்ந்தாரே” பதிகம் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் இராமேசுவரத்திலிருந்தபடியே பாடினார் என்பது மரபு. பதிகத்தையும் கல்வெட்டு நூலையும் ஒரே காலத்துச் சான்றுகளைப் போல அடுத்தடுத்து வைத்து நாம் பாடம் நடத்துகிறோம் (நானும் நடத்தியிருக்கிறேன்). முதுகலைமாணி வகுப்பில் முதலில் உடைவது இந்தப் பழக்கம்தான்.

ஐரோப்பியச் சான்றுகளிடமும் இதே கண்டிப்பு வேண்டும். போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது 1622 என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு. நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் போர்த்துக்கேயரான குவேறோஸ் பாதிரியார் இலங்கை பற்றிய தம் நூலைக் கோவாவில் இருந்து எழுதி முடித்தது 1680களின் பிற்பகுதியில். இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்நியர் எழுதினார் என்பதாலேயே அது நடுநிலையான சாட்சி ஆகிவிடாது.

நடைமுறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் உள்ள முதுகலைமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. பின்னால் ஆய்வு செய்யும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், ஓராண்டில் முடிகிறது என்பதற்காக முதலாவதைத் தெரிவு செய்யாதீர்கள்.

கேள்வி: நான் முஸ்லிம். என் ஆர்வம் நம் திருகோணமலை மாவட்டத்தின் பழைய வழிபாட்டிடங்களில். பிற சமயத்தை ஆராய எனக்கு உரிமை உண்டா? அது என் ஈமானை (இறைநம்பிக்கையை) பாதிக்காதா?
– வாசகர், மூதூர்

பதில்: உரிமை உண்டு, தம்பி. ஒரு சமயத்தை மட்டும் அறிந்தவர் எதையும் அறியாதவர் என்று 1870இல் இலண்டன் விரிவுரைகளில் வாதிட்டவர் சமயங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த அறிஞர் மாக்ஸ் முல்லர். 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமய ஆய்வுத்துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், இளவயதில் பிரித்தானிய இராணுவத்தோடு இலங்கைக்கு வந்து இங்கேதான் பௌத்தத்தை நெருங்கிப் பார்த்தார். ஆராயும் வேளையில், ஒரு நம்பிக்கை உண்மையா என்ற தீர்ப்பை ஒருபுறம் வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய நெறி. நம்பிக்கையைக் கைவிடும்படி அது கேட்கவில்லை. வகுப்பு முடிந்து மஃரிபு (அந்தி) தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் எந்தப் பழைய இடமும் இன்று யாரோ ஒருவருடைய வழக்கில் சாட்சியாக நிற்கிறது. பெரியகுளத்தருகே வெல்கம் விகாரையைப் பாருங்கள். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அதை இராஜராஜப் பெரும்பள்ளி என்கின்றன. அந்தப் பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் கொடுத்தவர்களைத் தமிழிலேயே பதிந்திருக்கின்றன. தமிழென்றால் சைவம், பௌத்தமென்றால் சிங்களம் என்ற இன்றைய கணக்கு அந்தக் கல்லில் செல்லாது. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனாலும் இதே சிக்கல்தான். அங்கே அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தவருக்கான கிரியைக்கு, வந்திருக்கும் குடும்பத்திடம், ஒலிப்பதிவுக் கருவியை நீட்டுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். மறுத்தால் குறிப்பேட்டையும் மூடிவிடுங்கள்.

கேள்வி: என்னென்ன மொழி வேண்டும்?
– வாசகி, கிண்ணியா

பதில்: தலைப்பைப் பொறுத்தது. சைவாகமத்துக்குச் சமஸ்கிருதம், பௌத்தத்துக்குப் பாளி, இஸ்லாமிய நூல்களுக்கு அரபு. இரண்டாம் நிலை ஆய்வுகளை வாசிக்க ஆங்கிலம் எல்லோருக்கும் வேண்டும். நம் மாவட்டத்தில் களஆய்வு செய்பவர் சிங்களமும் பேசப் பழக வேண்டும். மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போனால், விகாரையில் உள்ள பெரியவர் அவர் முகம் பார்த்துத்தான் பேசுவார், உங்கள் முகம் பார்த்து அல்ல.