1950 பிக் டென்: 4 வெற்றி பெற்ற மிச்சிகன் எப்படி முதலிடம்?

நீங்கள் போட்ட 1950 பிக் டென் (அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) அட்டவணையில் ஒஹையோ ஸ்டேட் முதலில் வருவது தவறு; மிச்சிகன்தான் சாம்பியன். அப்போது வரிசை வெற்றி எண்ணிக்கையால் அல்ல, வெற்றி விகிதத்தால். எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடவில்லையே.

வெற்றி நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டிராவை விட்டுவிட்டு வகுத்துப் பாருங்கள்: லீக் ஆட்டங்களில் மிச்சிகன் 4-1-1 (வெற்றி-தோல்வி-டிரா), அதாவது .800. ஒஹையோ ஸ்டேட், விஸ்கான்சின் இரண்டும் 5-2, அதாவது .714. டிராவை அரை வெற்றியாக எடுத்தாலும் மிச்சிகனுக்கு .750 வருகிறது.

நவம்பர் 25 அன்று கொலம்பஸில் பனிப்புயலுக்கு நடுவே ஒஹையோ ஸ்டேட்டுடன் நடந்த ஆட்டம்தான் இதைத் தீர்த்தது. மிச்சிகன் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (பந்துடன் பத்து யார்டு முன்னேறினால் கிடைப்பது) எடுக்காமல் 9-3 என்று ஜெயித்தது! அதே நாளில் இல்லினாய் நார்த்வெஸ்டர்னிடம் தோற்காமல் ஜெயித்திருந்தால் பட்டம் இல்லினாய்க்குப் போயிருக்கும்.

ஒன்றில் கவனம்: 6-3-1 என்பது லீக்குக்கு வெளியே ஆடியவையும் சேர்ந்த மிச்சிகனின் மொத்தக் கணக்கு, கலிபோர்னியாவை 14-6 என்று வென்ற ரோஸ் பவுலும் (சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம்) அதில் சேர்த்தி. அதை இங்கே கலக்காதீர்கள். அப்புறம், மிச்சிகன் ஸ்டேட்டையும் (இது வேறு பல்கலைக்கழகம்) எடுத்துவிடுங்கள்; அமெரிக்கன் ஃபுட்பாலில் அவர்கள் 1953-ல்தான் இந்த அட்டவணைக்குள் வந்தார்கள்.