ஹாக்கியில் சம்பளம் வாங்கினால் கோல்ஃபில் அமெச்சூர் தகுதி போய்விடுமா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. ஒன்டாரியோ ஹாக்கி லீக் என்ற ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்கில் மூன்று சீசன் ஆடினான். வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், யாரும் எடுக்கவில்லை. கோடைக்காலத்தில் ஆடிப் பழகிய கோல்ஃபில் இப்போது ஹேண்டிகேப் 2 (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது). அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் கோல்ஃப் உதவித்தொகையில் சேர்ந்து, பிறகு கோல்ஃபையே தொழிலாக்க வேண்டும் என்கிறான். ஹாக்கியில் பணம் வாங்கியதால் அவன் புரொஃபஷனல் ஆகிவிட்டான், அமெச்சூர் தகுதியை மீட்டுச் சான்றிதழ் வாங்கித் தர 6,000 டாலர் ஆகும் என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். கட்டலாமா? (ஒரு தாய், மார்க்கம், கனடா)

பதில்: கட்டாதீர்கள். ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம். அவர் விற்கிற சான்றிதழ் உங்கள் மகனுக்குத் தேவையே இல்லை.

கோல்ஃபில் யார் அமெச்சூர் என்பதை முடிவு செய்வது ஆர் அண்டு ஏ, யுஎஸ்ஜிஏ என்ற இரண்டு அமைப்புகளின் விதிகள். 2022 ஜனவரியிலிருந்து புதிய, எளிமையான விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. கனடாவில் அதைப் பார்த்துக்கொள்வது கோல்ஃப் கனடா. அந்த விதிகள் கேட்பது கோல்ஃபில் என்ன செய்தாய் என்பதை மட்டும்தான். ஹாக்கியில் கோடி டாலர் சம்பாதித்த என்எச்எல் நட்சத்திரம்கூட கோல்ஃப் மைதானத்தில் அமெச்சூராகவே ஆடலாம். கைச்செலவுக்கு மாதம் சில நூறு டாலர் வாங்கிய பையனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இழக்காத தகுதியை மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார் என்றால், அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பிலும் இதே கதைதான். ஒரு விளையாட்டில் புரொஃபஷனலாக இருந்தவர் வேறொரு விளையாட்டில் கல்லூரிக்காக ஆடலாம் என்று அவர்கள் விதியே சொல்கிறது. டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் கீழ்நிலை அணிகளில் ஆறு ஆண்டுகள் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடிய கிறிஸ் வெய்ன்கி, அதன் பிறகு ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, 2000ஆம் ஆண்டு 28 வயதில் அந்தக் கல்லூரி விளையாட்டின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கினார். இது ஊரறிந்த செய்தி. இருந்தும் இந்தப் பயத்தைக் காட்டிப் பணம் பறிப்பது நிற்கவில்லை.

பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக, ஒன்டாரியோ லீக் உட்பட கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடிய பையன்களை என்சிஏஏ ஹாக்கியில் புரொஃபஷனல் என்று ஒதுக்கி வைத்தது. 16 வயதுப் பையன் ஒரு கையெழுத்துப் போட்டதற்காக அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக் கதவு மூடியது. 2024 நவம்பரில்தான் அதை மாற்ற முடிவெடுத்தார்கள், 2025 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. இத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் வாய்ப்பு போன பிறகு! இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தத் தடை ஹாக்கிக்கு மட்டும் இருந்தது. கோல்ஃபுக்கு அது எப்போதும் பொருந்தியதில்லை.

சரி, கோல்ஃபில் எதைச் செய்தால் தகுதி போகும்? காசு வாங்கிக்கொண்டு நேரில் கோல்ஃப் சொல்லிக் கொடுத்தால் போகும். டிரைவிங் ரேஞ்சில் பந்து பொறுக்குவது, கடையில் நிற்பது, புல் வெட்டுவது எல்லாம் சரி. பக்கத்தில் நிற்பவருக்கு ஸ்விங்கை (மட்டையை வீசும் முறையை) திருத்திக் கொடுத்து 40 டாலர் வாங்கினால் சிக்கல். ஹேண்டிகேப் கணக்கில் நடக்கும் போட்டியில் பரிசுப் பணம் ஒரு டாலரும் வாங்கக் கூடாது. ஹேண்டிகேப் கழிக்காத போட்டி என்றால் அமெரிக்காவில் 1,000 டாலர் வரை வாங்கலாம். கனடாவில் எவ்வளவு என்பதை கோல்ஃப் கனடாவிடமே கேளுங்கள், பதில் இலவசம்.

இந்தப் பரிசு வரம்புக்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் மகன் போன்ற பையன்களைத்தான் அது அடிக்கடி தொடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய ஹாக்கி வீரர்கள் நடத்தும் நன்கொடைப் போட்டிகளுக்கு இவர்களைக் கூப்பிடுவார்கள். அங்கே ஏதோ ஒரு பார்-3 குழியின் (மூன்று அடிக்குள் முடிக்க வேண்டிய குறைந்த தூரக் குழி) பக்கத்தில் புதுக் கார் ஒன்று நிற்கும். ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டால் கார் உங்களுக்கு. அப்படி விழுந்துவிட்டால் காரை வாங்கலாமா? வாங்கலாம். ஒரே அடியில் குழி போடுவதற்கான பரிசுக்கு அந்த 1,000 டாலர் வரம்பு கிடையாது. கார் 50,000 டாலர் பெறுமானம் என்றாலும் தகுதி போகாது. ஆனால் அதே போட்டியில், அதே குழியில், ‘குழிக்கு மிக அருகில் அடித்தவர்’ என்று தரும் பரிசுக்கு வரம்பு உண்டு. பந்து உள்ளே விழுந்தால் வரம்பில்லை, ஓர் அடி தள்ளி நின்றால் வரம்பு உண்டு. இதைக் குழப்பிக்கொண்டு, காரை வேண்டாம் என்று விட்டுவந்த பையனையும் பார்த்திருக்கிறேன், அருகில் அடித்ததற்கு விலையுயர்ந்த பரிசை வாங்கித் தகுதியைத் தொலைத்தவனையும் பார்த்திருக்கிறேன். பரிசைக் கையில் வாங்குவதற்கு முன் எதற்காகத் தருகிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது கசப்பான பகுதி. ஹேண்டிகேப் 2 என்பது உங்கள் கிளப்பில் பெருமை. கல்லூரிப் பயிற்சியாளர் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். 7,000 கெஜத்தை ஒட்டிய மைதானத்தில், பல நாள் போட்டியில், முன்பின் தெரியாதவர்களோடு ஆடி எடுத்த ஸ்கோர்தான் அவருக்கு வேண்டும். என்சிஏஏவின் முதல் பிரிவு ஆண்கள் கோல்ஃபில் நீண்ட காலம் ஓர் அணி முழுவதற்கும் 4.5 உதவித்தொகைதான் இருந்தது, அதைத்தான் எல்லாருக்கும் பிரித்தார்கள். இப்போது பல கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு 9 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. முழு உதவித்தொகை உறுதி என்று சொல்லும் ஆலோசகரிடம் எந்தக் கல்லூரி, எந்தப் பயிற்சியாளர் என்று கேளுங்கள். பேச்சு மாறும்.

ஹாக்கியிலிருந்து கோல்ஃபுக்குப் போய் வாழ முடியுமா என்று பையன் கேட்டால் பில் எசினிக்கியைப் பற்றிச் சொல்லுங்கள். வின்னிபெக்காரர். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 1947, 1948, 1949 என்று தொடர்ந்து மூன்று முறை என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வென்றபோது அணியில் இருந்தவர், எதிராளியை மோதித் தள்ளுவதில் பேர் போனவர். அந்தக் காலத்து ஹாக்கிச் சம்பளம் வருஷம் முழுக்கப் போதாது. கோடையில் எசினிக்கி கோல்ஃப் ஆடினார். ஹாக்கி முடிந்ததும் மாசசூசெட்ஸில் கிளப் புரோவாக வேலை பார்த்துக்கொண்டே அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து பகுதியின் மாநில ஓபன் போட்டிகளை வென்றார். தொலைக்காட்சியில் தெரியும் வாழ்க்கை இல்லை அது. உறுப்பினர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, கடையைப் பார்த்துக்கொண்டு, வார இறுதியில் போட்டிக்குப் போகும் வாழ்க்கை. ஹாக்கியிலிருந்து வருகிறவர்களுக்கு நடைமுறையில் திறந்திருக்கும் வழி பெரும்பாலும் இதுதான், மரியாதையான வழியும்கூட.

அவசரமும் வேண்டாம். நார்விச் பல்கலைக்கழகத்தில் ஹாக்கி ஆடிய ஆலன் டாயில் 46 வயது வரை அமெச்சூராக இருந்துவிட்டு 1995இல்தான் புரொஃபஷனல் ஆனார். ஹாக்கி அடி போலவே இருக்கும் அந்தக் குட்டை ஸ்விங்கோடு 2005, 2006இல் அமெரிக்க சீனியர் ஓபனை வென்றார். ஆகவே ‘ஹாக்கி ஸ்விங்கை அழித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன்’ என்று ஆண்டுக் கட்டணம் கேட்கும் பயிற்சியாளர்களிடமும் கவனம். மகன் இடது கைப் பக்கம் ஆடுகிறானா? அதையும் மாற்ற வேண்டாம். ஒன்டாரியோவின் மைக் வீர் ஹாக்கிப் பழக்கத்தால் இடது பக்கம் ஆடியவர். வலது பக்கம் மாறலாமா என்று சிறுவனாக கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸுக்குக் கடிதம் எழுத, இயல்பாக வருவதையே வைத்துக்கொள் என்று பதில் வந்தது. வீர் 2003இல் கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸை வென்றார்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். முதலாவது, சேர நினைக்கும் கல்லூரியில் என்சிஏஏ விதிகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு (கம்ப்ளையன்ஸ் ஆபிஸ்) நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள். மகன் பள்ளி முடித்த தேதி, ஹாக்கி ஆடிய சீசன்கள், இன்னும் எத்தனை ஆண்டு கோல்ஃப் ஆடலாம் என்ற கேள்வி, இவ்வளவு போதும். பள்ளி முடித்து வருஷங்கள் போனால் ஆடக்கூடிய ஆண்டுகள் குறையலாம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அச்சடித்த பதிலாகத்தான் வரும், விடாமல் திரும்பக் கேளுங்கள்.

இரண்டாவது, ஹாக்கி அணியோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஆடிய சீசனுக்கு ஏற்பக் கல்விச் செலவைத் தரும் ஏற்பாடு அதில் இருக்கும். அது உங்கள் மகன் சம்பாதித்த பணம். ஆனால் காலக்கெடு உண்டு, புரொஃபஷனல் ஹாக்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் பறிபோகவும் கூடும். ஒன்டாரியோ பல்கலைக்கழகங்களுக்கு இடையிலும் கோல்ஃப் போட்டிகள் நடக்கின்றன. அந்தப் பணத்தில் இங்கேயே சேர்ந்து, கோடையில் கோல்ஃப் ஒன்டாரியோ நடத்தும் போட்டிகளில் ஸ்கோர் சேர்க்கட்டும். ஆலோசகருக்குக் கொடுக்க நினைத்த 6,000 டாலரைப் போட்டி நுழைவுக் கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.