கல்ச்சர் ரிப்போர்ட் புரிகிறது, அதுதான் வம்பு

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைவரை வந்தீர்கள். மைக்ரோபயாலஜி முடித்தவள் மெடிக்கல் கோடிங் படிக்கலாமா என்று கேட்டீர்கள். அன்று கூட்டம். அரைகுறையாகச் சொல்லி அனுப்பியதை இப்போது முழுதாக எழுதுகிறேன்.

இது கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை அன்று. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைக் கொடுக்கும் வேலை. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வருவது அதை வைத்துத்தான்.

குறியீட்டுப் புத்தகத்தோடு ஒரு மாதிரிக் குறிப்பையும் மகளிடம் கொடுத்தேன் அல்லவா? டாக்டர் ‘சிறுநீர்ப் பாதைத் தொற்று’ என்று மட்டும் எழுதியிருந்தார். ஆய்வகத்தின் கல்ச்சர் அறிக்கையில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஈ.கோலை என்ற கிருமி. நோய்க்கு என்39.0 என்று சரியாக எடுத்தாள். கூடவே கிருமிக்கான பி96.20-ஐயும் சேர்த்தாள். அங்கேதான் சறுக்கினாள். நோய்க்குக் காரணம் இந்தக் கிருமி என்று டாக்டர் எழுதாதவரை கோடர், அதாவது குறியீடு கொடுப்பவர், சேர்க்கக் கூடாது; அவரிடமே விளக்கம் கேட்க வேண்டும். கல்ச்சர் படிக்கத் தெரியாதவளுக்கு இந்த ஆசையே வந்திருக்காது! ‘யூரோசெப்சிஸ்’ என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். சிறுநீர்த் தொற்று மட்டுமா, அது உடலெங்கும் பரவிய செப்சிஸா என்று தெளிவாகச் சொல்லாத அந்தச் சொல்லுக்கென்று குறியீடு கிடையாது, கேட்டே ஆக வேண்டும்.

பிறவிக் குறைபாடுகளில் வேறு வகைக் கவனம் தேவை. டவுன் சிண்ட்ரோமுக்கு கியூ90 வரிசை. அந்தக் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை இருந்தால் அதற்குத் தனிக் குறியீடு. நாற்பது வயதானாலும் குறை இருக்கும்வரை கியூ குறியீடுதான். அறுவை செய்து முழுதாகச் சரியாகிவிட்டால் ‘முன்பு இருந்தது’ என்பதற்கான குறியீடு.

பயிற்சிக் கட்டண விஷயம். ‘100 சதவீத வேலை’ என்ற பயிற்சி நிலையப் பலகையைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். கோடர்களுக்கான சான்றிதழ்த் தேர்வு சிபிசி. அதில் 100 கேள்விகள், 4 மணி நேரம், தேற 70 சதவீதம். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ஆகவே மனப்பாடம் செய்யச் சொல்லும் இடம் வேண்டாம். நோய்க் குறியீடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1-இல் மாறும். பழைய புத்தகத்தைத் தலையில் கட்டுகிறார்களா என்று பாருங்கள். அனுபவம் இல்லாமல் தேறினால் பெயருக்குப் பின்னால் போடும் சிபிசி-யோடு ‘ஏ’ ஒட்டிக்கொள்ளும், பயிற்சி நிலை என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை.

வேலை பெரும்பாலும் சென்னைப் பக்கம். நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற அவளுக்குச் சம்மதமா என்பதை அவளிடமே கேளுங்கள். அன்று நான் அவளிடம் கேட்ட முக்கால்வாசிக் கேள்விகளுக்கு நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்.