கம்பெனி ஓவியங்கள்

கேள்வி: வியாபாரம் செய்ய வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஓவியம் எதற்கு? ‘கம்பெனி ஓவியம்’ என்பதெல்லாம் கம்பெனி காசில் வரைந்ததா?

பதில்: எல்லாம் இல்லை. கம்பெனி காலத்தில் இந்திய ஓவியர்கள் நம் மரபையும் ஐரோப்பிய பாணியையும் கலந்து, வெள்ளைக்காரர்களுக்காக வரைந்த படங்களைத்தான் அப்படிச் சொல்கிறோம். பெரும்பாலானவை இங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் சொந்தப் பணம் கொடுத்து வரையச் சொன்னவை. கம்பெனி நேரடியாகச் செலவழித்தது என்றால் செடிகொடிப் படங்களைச் சொல்லலாம். அதன் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் இந்திய ஓவியர்களை வைத்து 2,500க்கும் மேற்பட்ட படங்களை வரைய வைத்தார், அதற்குப் பின்னால் சாயம், மரம், மருந்து என்று வியாபாரக் கணக்கும் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தவை கல்கத்தாவில் தலைமை நீதிபதியாக இருந்த எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே வரையச் சொன்ன பறவை, விலங்குப் படங்கள்தான். பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் மூவரும் முகலாய மரபில் தேர்ந்தவர்கள். இங்கிலாந்திலிருந்து வந்த தாளில், ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக எண்ணிவிடலாம் போல அவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறார்கள். படத்திலேயே பெயர் எழுதியிருப்பதால் அவர்களை நமக்குத் தெரிகிறது. நம் தஞ்சாவூர் ஓவியர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை! தொழில்வாரியாகக் கணவன் மனைவியை ஜோடியாக நிறுத்தி அவர்கள் வரைந்த படங்களில் பெரும்பாலும் பெயரே கிடையாது, அது பெரிய அநியாயம்.

கேள்வி: அவையெல்லாம் இப்போது எங்கே?

பதில்: கம்பெனி 1801-இல் லண்டனில் தொடங்கிய இந்திய அருங்காட்சியகம் 1879-இல் கலைக்கப்பட்டு, சேகரிப்புகள் பல இடங்களுக்குப் பிரிந்து போயின. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் நிறைய கம்பெனி ஓவியங்கள் இருக்கின்றன. ராக்ஸ்பர்க் படங்களின் ஒரு தொகுதி கொல்கத்தா தாவரவியல் பூங்காவிலேயே உள்ளது.