எழுந்து வந்தது யார்?

கேள்வி: கோவையில் ஒரு திரையிடலுக்கு மனைவியை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். வெளிநாட்டுப் பெண் இயக்குநர் ஒருவரின் கலைப்படம். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். ஆண்களே எடுக்கக் கூசும் காட்சிகளைப் பெண்கள் எடுத்து, அதற்கு விருதும் வாங்கிவிடுகிறார்களே? நம் கொங்கு மண்ணுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பெயரை மறைத்த நீங்கள் ஊரை மறைக்காமல் விட்டது எனக்கு வசதியாகப் போயிற்று. கோபியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? கொடிவேரி அணையில் கொட்டுகிற தண்ணீருக்கு அடியில் எத்தனை கதாநாயகிகளை நிற்கவைத்துப் பாட்டு எடுத்திருக்கிறார்கள்! கரையில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் சிறுவனாக நானும் இருந்திருக்கிறேன். காட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் உண்டு. படக்குழுவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. மண்ணுக்கு ஒத்துவருமா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. எடுத்தவர்கள் ஆண்கள்தாம், கூசியதாகவும் தெரியவில்லை.

விருதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1946இல் தொடங்கிய பிரான்சின் கான் திரைப்பட விழா, தன் 'தங்கப் பனை' விருதை ஒரு பெண் இயக்குநருக்குக் கொடுக்க 1993 ஆயிற்று. அதையும் ஜேன் கேம்பியன் இன்னொரு இயக்குநரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்த பெண்ணுக்கு 2021.

நீங்கள் பார்த்த படத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெல்ஜியப் பெண் இயக்குநர் ஷான்டல் அகெர்மான் 1975இல் எடுத்த 'ழான் தீல்மான்'. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில், 2022இல் விமர்சகர்கள் உலகின் தலைசிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். 201 நிமிடம் ஓடுகிறது. பிரஸ்ஸல்ஸ் நகரில் மகனோடு வாழும் ஒரு விதவை. சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கையை மடிக்கிறாள். பிற்பகலில் காசுக்காக ஓர் ஆணை அறைக்குள் அழைத்துப்போகிறாள். நம்மூர்க் காமிரா எதற்காகக் காத்துக்கிடக்குமோ அந்த இடத்தில், கதையின் முதல் இரண்டு நாளும் கதவு சாத்தப்படுகிறது. நாம் நடையிலேயே நிற்கிறோம். ஆனால் அவள் உருளைக்கிழங்கு சீவுவதை மட்டும் ஒரு நொடிகூட வெட்டாமல் காட்டுகிறார் அகெர்மான்.

வீட்டில் இதைப் பார்த்தபோது நான் இரண்டு முறை கண்ணயர்ந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி அசையவில்லை. இரண்டாம் நாள் கதையில் கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடும். அந்தப் பெண் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் நடப்பாள். எனக்கு அதில் ஒன்றும் படவில்லை. "கிழங்கு குழைந்துவிட்டதுங்க. இந்த அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது" என்றார் மனைவி. மூன்றாம் நாள் அவள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது நான் திடுக்கிட்டேன். அவர் திடுக்கிடவில்லை.

பெண் எடுத்துவிட்டால் எல்லாம் உயர்ந்த கலை என்று சொல்ல வரவில்லை. பிரெஞ்சுப் பெண் இயக்குநர் காத்ரின் ப்ரெய்யாவின் 'ரொமான்ஸ்' படத்தில் துணிச்சலைவிடப் பிரசங்கம் அதிகம். பாதியில் நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். அலுப்பாக இருந்தது என்று எழுதியிருந்தீர்களானால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

ஆனால் உங்கள் புகார் வேறு. அது உடம்பைப் பற்றியது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எண்பதுகளில் அபர்ணா சென் 'பரமா' என்று ஒரு வங்காளப் படம் எடுத்தார். குடும்பப் பெண் ஒருத்திக்கு வேறொருவனோடு உறவு ஏற்பட்டு, அது வெளியே தெரிந்துவிடுகிறது. தனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்கிறாள் அவள். அவள் அழுது காலில் விழுந்திருந்தால் எந்த ஊருக்கும் ஒத்துவந்திருக்கும். 2017இல் அலங்கிருதா ஸ்ரீவாஸ்தவாவின் 'லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா' என்ற இந்திப் படத்துக்குச் சான்றிதழ் மறுத்த தணிக்கை வாரியம் எழுதிக் கொடுத்த காரணங்களில் முதலாவது, கதை பெண்களைச் சார்ந்தது என்பது. கேலிக்காகச் சொல்லவில்லை, கடிதத்திலேயே இருந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தலையிட்டு 'ஏ' சான்றிதழ் வாங்கித் தந்தது. அந்தத் தீர்ப்பாயத்தையும் 2021இல் கலைத்துவிட்டார்கள். இப்போது வாரியத்தோடு தகராறு என்றால் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். சிறிய படம் எடுப்பவரிடம் அதற்கு ஏது காசு?

தமிழில் பெண்கள் படம் எடுப்பது நேற்று முளைத்த வழக்கமும் இல்லை. டி.பி. ராஜலட்சுமி 1936லேயே 'மிஸ் கமலா' படத்தை இயக்கி, நடித்தும் விட்டார்.

கடைசியாக ஒரு சந்தேகம். மனைவியை அழைத்துக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். "எழுந்து வந்துவிட்டேன்" என்கிற இடத்தில் ஒருமைதான் இருக்கிறது. அவரும் வந்தாரா, உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாரா? அவரையே எழுதச் சொல்லுங்கள். அவர் விரும்பினால், பெயரோடு வெளியிடுகிறேன்.