திடீர் விருந்துக்கு இளநீர்ப் பாயசம்

வணக்கம். இன்று இரவு ஆறு நண்பர்கள் உங்கள் செங்கோட்டை வீட்டுக்குச் சாப்பிட வருவது மதியம்தான் தெரிந்தது என்றும், எளிதாகச் செய்யக்கூடிய, ஆனால் பார்வைக்கும் அழகான ஓர் இனிப்பு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அடைப் பிரதமன் வேண்டாம். மாலை முழுவதும் அடுப்படியிலேயே கழிந்துவிடும். இளநீர்ப் பாயசம் செய்யுங்கள்.

நல்ல வழுக்கையுள்ள நான்கு இளநீர் வாங்கி, வழுக்கையில் பாதியைச் சிறிது இளநீர் விட்டு அரைத்து, மீதியைப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, 200 கிராம் மில்க்மெய்டு கலந்து, அது முற்றிலும் ஆறிய பிறகே வழுக்கை முழுவதையும் ஒரு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலையும் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் ஊற்றினால் தேங்காய்ப்பால் திரிந்துவிடக்கூடும், இளநீரின் மென்மையான மணமும் போய்விடும். ஒரு சிட்டிகை ஏலக்காய்த்தூள் போதும். முந்திரியும் திராட்சையும் இதன் சுவையை அமுக்கிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

சாப்பாட்டுக்குப் பிரானூர் பார்டர் கடைகளில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கிக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. பாயசம் குளிர்வதற்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும் என்பதால், நான்கு மணிக்கே பாலை அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.